வலது காலுக்கு ஒரு பிரேக்

பிரியமுள்ள அண்ணே,

உன்னை அடக்கம்பண்ணி இரண்டு மழைக்காலம் போய்விட்டது. அன்றிலிருந்து உன் இத்தாலி மோட்டார் சைக்கிள் மாட்டுத் தொழுவில் எருமைக்குப் பக்கத்தில்தான் நின்றது. போன மாதம் வெளியே தள்ளினேன். மைனி விற்கச் சொல்லிவிட்டாள். அவளுக்கு நாகர்கோவிலில் டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆஸ்டலுக்கும் படிப்புக்கும் பணம் வேண்டும். உங்கள் மகளை நம் அம்மா பார்த்துக்கொள்வாள். பஸ் ஒர்க்‌ஷாப்பில் எனக்கு என்ன சம்பளம் கொடுப்பார்கள் என்று உனக்குத் தெரியும்.

வாங்க ஆள் இருக்கிறார். குலசேகரம் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் டாக்டர். வண்டியில் ஏறி உட்கார்ந்து வலது காலால் துழாவினார்.

"பிரேக் எங்கடே?"

"இடது பக்கம் சார்."

"அது எந்த ஊரு ஏற்பாடு?"

சொன்னேன். இத்தாலியில், சண்டையில், குண்டுச் சிதறல் பட்டு உன் வலது முழங்கால் மடங்காமல் போனது. ஊருக்குத் திரும்பியதும், கப்பலேறப் போன எஸ்டேட் துரையிடம் கையால் கியர் போடுகிற அதே நாட்டு வண்டியை நீ மலிவாக வாங்கியது. ஏர்க்கொழு அடிக்கிற கொல்லனை வைத்து எஞ்சினுக்கு அடியில் குறுக்கே ஒரு கம்பி கொடுத்து, பிரேக்கை இடது காலுக்கு மாற்றியது. டாக்டர் வண்டியை விட்டு இறங்கினார்.

"பாவம். ஆனா நான் மழையில மலை எறங்குகவன். பழகின எடத்தில பிரேக் இல்லேன்னா என்னையும் அவரு பக்கத்தில கொண்டு வச்சிருவாங்க. கம்பெனியில வந்த மாதிரி ஆக்கித் தா, எண்ணூறு ரூவா. இப்படியேன்னா எனக்கு வேண்டாம்."

பிரித்துப் பார்த்தேன். வெறுமனே ஓடவைக்க நூறு ரூபாய் போதும். கம்பெனியில் வந்தபடி ஆக்க முந்நூற்றைம்பது. சிலிண்டரைக் கடைந்து வாங்கக் கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டும். வலது பெடல் புதிதாகச் செய்ய வேண்டும். கொல்லன் வண்டிச் சட்டத்தில் போட்ட துளைகளை அடைக்க வேண்டும். கிக்கரின் பல்சக்கரம் துருவேறி ஒட்டிக் கிடக்கிறது. உன் கால்தான் அதை உதைத்ததே இல்லையே. உருட்டிக் கிளப்புவதற்காகச் சரிவு பார்த்துத்தானே எங்கேயும் நிறுத்துவாய். மேட்டில் வீடில்லாத எவனோடும் நீ சிநேகம் பிடிக்கவில்லை என்று மைனி கேலி செய்வாளே.

நூறு போதும் என்று மைனியிடம் சொன்னேன். ஓடினால் எவனாவது வியாபாரி இருநூற்றைம்பதுக்கு எடுப்பான். மற்றதென்றால் என் சீட்டுப் பணம் மொத்தமும் இறங்கும். டாக்டர் கையை விரித்தால்?

மைனி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஏலே, நீ கணக்குப் பாக்குகியா, பயப்படுகியா?"

"என்ன பயம்?"

"கம்பிய வெட்டதுக்கு."

"அது அண்ணன் வச்சதுல்லா மைனி."

"ஆசைக்கா வச்சாவ? காலு மடங்கல்ல, அதுக்கு வச்சாவ. தெனமும் சவம் சவம்னு ஏசிக்கிட்டுத்தான் அத மிதிப்பாவ. நீ கேட்டதில்லியா? இருநூத்தம்பதில பாதி படிப்புப் படிச்சிட்டு மீதிக்கு நான் அந்த எருமைய மேய்க்கவா? எஞ்சினு படிச்சவன்தானே நீ. வேலையச் செய்யி."

அவள் சொன்னதில் ஓட்டை இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

நம் தெற்குத் தாலுக்காக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேரப்போகின்றன என்று இங்கே ஒரே பேச்சு. சேர்ந்தால் என் வேலை புது எல்லைக்கு எந்தப் பக்கம் நிற்கும் என்று ஒர்க்‌ஷாப்பில் யாருக்கும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துச் சீட்டை எடுத்து வண்டியில் போட்டேன். நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

கம்பியை வெட்டியாயிற்று. அது சிரமமில்லை. பெட்ரோல் டாங்க்தான் என்னை நிறுத்தியது. இடது பக்கம் உன் முழங்கால் உரசி உரசிச் சிவப்புச் சாயம் போய்த் தகரம் தெரிகிறது. வலது பக்கம் துரை கொடுத்தபடியே பளபளக்கிறது. நீட்டி வைத்த கால் அதைத் தொடவேயில்லை. இவ்வளவு நாளும் இதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இதையாவது விடு என்பாயா? 'என்னடே பாத்துக்கிட்டு நிக்க, தேயி' என்பாயா? எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேதான் தேய்த்தேன்.

பெடல் மட்டும் பாக்கி. அதை அரைகுறையாக விடமாட்டேன். மழையில் மலையிறங்கும் மனிதன் தேடாமலே அவன் வலது காலில் பிரேக் அகப்படும். மைனி படிப்பை முடித்து வேலையில் ஏறுவாள். வண்டி இங்கிருந்து போகும்போது நீ ஏறியதற்கு ஒரு கீறல்கூட அதில் இருக்காது. அந்த அளவுக்குச் சுத்தமாகச் செய்வேன், அண்ணே. இது என் வாக்கு.

உன் கூடப்பிறந்த
தம்பி