பெயரில்லாத பூச்சியின் கால்வாய்

அனுப்புநர்:
சலவைக்கூடத்தில் துணி உலர்த்தும் பெண்,
ஊற்றுக் கால்வாய்ப் பின்தெரு.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: ஊற்றுக் கால்வாயில் கொசு எண்ணெய் ஊற்றிப் புதிய பூச்சியினத்தைக் கொன்றது குறித்தும், வரும் வியாழனன்று மீண்டும் ஊற்றாமல் தடுக்கக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, பெரியம்மாவுடன் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். உலரப் போட்ட ஈர விரிப்புகளில் மேஃப்ளை என்னும் நீர்ப்பூச்சிகள் வந்து ஒட்டும். கறை படியுமுன் எடுத்துவிடுவது என் வேலை. அப்படி எடுத்த ஒன்றின் இறக்கை ஓரத்தில் செம்மஞ்சள் கோடு இருந்தது. எங்களிடம் தன் வெள்ளை மேலங்கியை வெளுக்கப் போடும் கல்லூரிப் பூச்சியியல் டீச்சரிடம் காட்டினேன். எந்த நூலிலும் இல்லாத இனம் என்று அவர் உறுதி செய்தார்.

2. விரிப்பைத் தண்ணீர் என்று நம்பி முட்டையிட வருபவை பெண் பூச்சிகள் மட்டுமே. ஆண் பூச்சியின் வால்நுனியையும் பார்த்து விவரித்த பிறகே பெயர் வைப்பேன் என்றார் டீச்சர். எனவே ஆண் பூச்சி கிடைக்க, அவர் சொன்னபடி கால்வாய்த் தண்ணீருக்குள் வாழும் இளம்பூச்சிகளைப் பிடித்து வலைக்கூண்டில் விட்டு, கால்வாய் நீரிலேயே வளர்த்தேன். அவற்றின் முதுகில் இறக்கைப் பைகள் கறுத்தன. கறுத்துவிட்டால் பூச்சி சீக்கிரம் இறக்கை விரித்துப் பறந்துவிடும்.

3. அன்றுதான் தங்கள் கொசு ஒழிப்பு ஆட்கள் வந்தார்கள். தெருவிளக்கில் பூச்சி மொய்க்கிறது என்று மாடிவீட்டார் கொடுத்த புகாராம். ஓடுகிற தண்ணீரில் கொசு முட்டையிடாது, இவை கடிக்காது என்று கெஞ்சினேன். “பறக்குதுல்ல? அப்ப கொசுதான். தள்ளிக்கம்மா,” என்றார் மேற்பார்வையாளர். “அந்தப் பொண்ணு வாயத் தொறக்கிறதே அதிசயம், ஒரு நிமிஷம் கேளுங்கய்யா,” என்று பெரியம்மா சொல்லும்போதே ஊற்றிவிட்டார்கள். கூண்டிலிருந்தவை பாதி இறக்கை விரித்தபடி எண்ணெய்ப் படலத்தில் ஒட்டிச் செத்தன.

4. புகார் கொடுக்க வந்தேன். பூச்சியின் பெயரைக் குறிப்பிடாத மனுவை வாங்க முடியாது என்று எழுத்தர் திருப்பித் தந்தார். பெயர் வைக்க வேண்டியிருந்த பூச்சியைக் கொன்றதும் தங்கள் அலுவலகம். பெயர் எங்கே என்று கேட்பதும் தங்கள் அலுவலகம். இது என்ன நியாயம் ஐயா?

கால்வாய் மதகுக்கு மேலே, தண்ணீர் வரும் பக்கம், எண்ணெய் படாத இடத்தில் இன்னும் சில இளம்பூச்சிகள் இருக்கின்றன. அவற்றின் இறக்கைப் பைகள் இப்போதுதான் பழுப்பாகின்றன. வியாழனன்று அங்கும் ஊற்றுவதாக அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். அதை ரத்து செய்து உத்தரவிடுங்கள். உத்தரவு வராவிட்டால் அன்று அங்கேயே தண்ணீரில் இறங்கி நிற்பேன். நாலு பேர் பார்க்க நிற்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று பெரியம்மாவைக் கேட்டால் சொல்வார். இருந்தும் நிற்பேன்.

நாள்: செவ்வாய்க்கிழமை
இடம்: சலவைக்கூடம்

இப்படிக்கு,
(கையொப்பம்)

தங்கள் அலுவலகம் கேட்ட பூச்சியின் பெயர்: தண்ணீரை விட்டுவைத்தால் தெரிவிக்கிறேன்.