அண்ணன் இல்லைன்னு போட்ட கையெழுத்து

8 மார்ச் 2005, செவ்வாய்

மத்தியானம் உப்பளத்துல மூட்டை தைச்சுட்டிருந்தப்ப பேண்ட் போட்ட ஒருத்தர் வந்தார். டெல்லியில பெரிய அதிகாரியா இருக்கிற எங்க அண்ணன் பேரைச் சொல்லி, "உங்க கூடப்பிறந்தவர்தானேம்மா?"ன்னு கேட்டார். கவர்மெண்ட் கார்டையும் காட்டினார்.

நாட்டுப் பாதுகாப்பு வேலையில சேர்ந்ததுலேருந்து அண்ணன் எனக்கு ஒண்ணே ஒண்ணைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கு. "என்னைப் பத்தி யார் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு. கார்டு காட்டினாலும் நம்பாதே."

"எனக்கு அண்ணனே கிடையாதுங்க"ன்னேன். அந்த ஆள் விடாம மறுபடியும் கேட்டார். எனக்குக் கோவம் வந்துடுச்சு. "வேணும்னா எழுதியே தர்றேன்"னேன். உடனே பேப்பரை நீட்டினார். எழுதிக் கையெழுத்தும் போட்டேன். என் கையிலேருந்து அதுல ஒட்டின உப்பை ஊதிவிட்டு, பேப்பரை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு பஸ் ஏறிட்டார்.

சாயங்காலம் அண்ணன் போன் பண்ணுச்சு. குரல்ல அவ்வளவு சந்தோஷம். "இருக்கிறதுலயே பெரிய பதவிக்கு என் பேர் போயிருக்கும்மா. குடும்பத்தைப் பத்தி விசாரிக்க ஆள் வருவாங்க. நான் எழுதிக் கொடுத்ததும் நீ சொல்றதும் ஒண்ணா இருக்கணும். இந்த ஒரு தடவை மட்டும் உண்மையைச் சொல்லிடு."

மத்தியானம் எழுதிக் கொடுத்த பேப்பர்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

"இதுவரைக்கும் யாராச்சும் வந்தாங்களா?"ன்னு கேட்டுச்சு.

"யாரும் வரலைண்ணே"ன்னேன்.

இத்தனை வருஷமா அண்ணனுக்காக ஊருக்கெல்லாம் பொய் சொல்லியிருக்கேன். அண்ணன்கிட்டயே சொன்னது இன்னிக்குத்தான்.