வேலிக்கு அந்தப் பக்கத்துக் கற்கள்

பள்ளிபாளையம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ரமேஷ்குமாருக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் வித்யாவும் சுகமாக இருக்கிறோம். சத்தீஸ்கரில் நீ போர்வெல் போடும் ரிக் வண்டியோடு இருக்கும் இடத்தில் வெயில் எப்படி, வேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறதா என்று அம்மா தினமும் கேட்கிறாள். போனில் பேசலாமே என்று நினைப்பாய். வீட்டில் பேசினால் வித்யா காதில் விழும். கடையில் பேசினால் யார் காதில் விழுமோ தெரியவில்லை. அதனால்தான் உங்கள் ரிக்குக்குச் சாமான் ஏற்றிவரும் லாரி நாச்சிமுத்துவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

கடை பரவாயில்லை. தறி சாமான் கேட்டுக் குமாரபாளையத்தில் இருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

விஷயம் உன் மனைவி வித்யாவைப் பற்றியது. தான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நம்மூர் வரலாற்றைச் சொல்ல வேண்டும் என்று ஆற்றங்கரைப் பழைய இடுகாட்டுக்குப் போக ஆரம்பித்தாள் அல்லவா, அது இப்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. வெயில் சாயும் நேரமாகப் பார்த்துப் போவாள். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் கல்லில் தேய்ந்த எழுத்து தெரியுமாம். தண்ணீர் தெளித்து, மெத்தென்ற பிரஷால் பாசியைத் துடைத்துப் படம் எடுத்து வருவாள். அம்மா வாசலிலேயே நிறுத்தி, "தலைக்கு ஊத்திக்கிட்டு ஊட்டுக்குள்ள வா சாமி" என்பாள். அவளும் சிரித்துக்கொண்டே ஊற்றிக்கொள்வாள். அதுவரை எனக்குப் பயமில்லை.

ஒரு வரிசைக் கற்களில் எல்லாம் ஒரே வருஷம், ஒரே மாதம். சுபகிருது வருஷம், கார்த்திகை. ஏதோ கொள்ளைநோயில் போனவர்கள் என்கிறாள். பாதிப்பேர் குழந்தைகள். சில கற்களில் தறியில் குறுக்கே ஓடும் நாடா செதுக்கியிருக்கிறது. அந்த வரிசை கம்பி வேலியோடு முடியவில்லை, அந்தப் பக்கமும் மண்ணுக்குள் போகிறது என்று கண்டுபிடித்திருக்கிறாள். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் சம்பாத்தியத்தில் நாம் வாங்கிய மனை அங்கேதான் இருக்கிறது.

அந்த மனைகளைத் தோண்டாமல் நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்று தாசில்தாருக்கு மனு கொடுத்துவிட்டாள். மறுநாளே மனை விற்ற சரவணக்குமார் கடைக்கு வந்தான். ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தான். குரலே உயரவில்லை. "ஏனுங்க, உங்க மருமக எந்த ரோட்டுல ஸ்கூலுக்குப் போறாங்க, எங்க திரும்பறாங்கன்னு நம்ம பசங்களுக்குத் தெரியுமுங்க. லாரி வர்ற ரோடு. பார்த்துப் போகச் சொல்லுங்க" என்றான். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். அன்று கடையைப் பூட்ட எனக்குச் சாவி துளையில் இறங்கவில்லை.

வித்யாவிடம் இதை நான் சொல்லவில்லை. நீ சொன்னால் கேட்பாள். மனுவை வாபஸ் வாங்கச் சொல். செத்தவர்கள் மண்ணுக்குள் இருக்கட்டும். எங்களுக்கு நீங்கள் இரண்டு பேரும் வேண்டும்.

உன் அப்பா,
கைலாசம்


பள்ளிபாளையம்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள ரமேஷ்குமாருக்கு,

கடிதம் கிடைத்து நீ வித்யாவிடம் பேசிவிட்டாய் என்று தெரியும். அவள் நேரே என்னிடம் வந்து, "அவரு எதுக்குங்க மாமா திடீர்னு இப்படிப் பயப்படறாரு?" என்று கேட்டாள். அப்போதுதான் சரவணக்குமார் வந்து போனதைச் சொன்னேன். மறுநாள் காலையில் அவளாகவே மனுவை வாபஸ் வாங்கிவிடலாம் என்றாள். முகம் வெளுத்திருந்தது. எனக்கோ பெரிய பாரம் இறங்கியது.

மதியம் அவளை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குக் கிளம்பினேன். ஆற்றங்கரை ரோட்டில் கூட்டம். நம் மனைக்கு அடுத்த மனையில் அஸ்திவாரம் தோண்டிய ஜேசிபி ஒரு சின்னக் கல்லைப் புரட்டிப் போட்டிருந்தது. அதனடியில் எலும்பு. பெரியவர்கள் எலும்பு இல்லை.

நான் வண்டியை நிறுத்துவதற்குள் வித்யா பள்ளத்தில் இறங்கிவிட்டாள். சரவணக்குமாரின் ஆட்கள் மேலே நின்று ஏறச் சொன்னார்கள். ஒருவன் ஜேசிபி ஓட்டிய பொன்னனிடம், "நீ வண்டிய எடு, அவங்களா ஏறிக்குவாங்க" என்றான். ஜேசிபியின் இரும்புக் கை அவள் தலைக்கு மேலே ஆடியது. அவள் ஏறவில்லை. முந்தானையால் கல்லைத் துடைத்து, எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தாள். மயிலம்மாள், வயது நாலு. தகப்பன் பெயர் இருந்த மூலை ஜேசிபி பல் பட்டு உடைந்து போயிருந்தது.

பொன்னன் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான். "இனி நான் எடுக்க மாட்டனுங்க" என்றான். அவன் கன்னத்தில் அறை விழுந்தது. அந்தச் சத்தம் கேட்ட பிறகு நான் எப்படிப் பள்ளத்தில் இறங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. தைரியம் என்று நினைத்துவிடாதே. வேட்டியிலேயே சிறுநீர் போய்விட்டது. உன்னிடம் மட்டும்தான் இதைச் சொல்கிறேன். ஆனால் அவள் பக்கத்தில் நின்றேன். போலீஸ் வரும்வரை நின்றேன்.

பின்னாலேயே தாசில்தார் வந்தார். விசாரணை முடியும்வரை அந்த வரிசை மனைகளில் யாரும் மண்வெட்டி வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நம் மனையிலும்தான். அங்கே நாம் இனி வீடு கட்டப்போவதில்லை. அம்மா அழுதாள். பிறகு அவளே ஒரு மாலை கட்டிக் கொடுத்து அந்தக் குழந்தையின் கல்லுக்குப் போட்டு வரச் சொன்னாள்.

பயம் போகவில்லை. கடைக்கு எதிரே ஒரு கார் வந்து நிற்கிறது. யாரும் இறங்குவதில்லை. பொன்னன் தன் மாமனார் ஊரான ஆட்டையாம்பட்டிக்குக் குடும்பத்தோடு போய்விட்டதாகச் சொல்கிறார்கள். வித்யா ஸ்கூட்டரை விட்டுவிட்டு பஸ்சில் போகிறாள். நான் கடையைத் தாமதமாகத் திறந்துகொள்ளலாம் என்று பஸ்சுக்குப் பின்னாலேயே பள்ளிக்கூட வாசல்வரை வண்டியில் போகிறேன். லாரி ஹார்ன் அடித்தால் பஸ் ஜன்னலில் அவள் தலை தெரிகிறதா என்று பார்க்கிறேன். அவளும் ஜன்னல் வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள், நான் வருகிறேனா என்று.

மனுவை அவள் வாபஸ் வாங்கவில்லை. நானும் கேட்கவில்லை. நீயும் கேட்காதே. மனை போன கோபம் இருந்தால் என்னிடம் காட்டு, அவளிடம் வேண்டாம்.

உடனே கிளம்பி வா என்று எழுதத்தான் கை போகிறது. வந்தால் நீ சும்மா இருக்க மாட்டாய் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது. அங்கேயே இரு. ஒன்று மட்டும் செய். போர்வெல் போடும் சத்தத்தில் எதுவும் கேட்காது என்று போனைக் கேபினில் வைத்துவிடுவாய். இனிமேல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள். எங்கள் மூன்று பேரில் யார் கூப்பிட்டாலும், எந்த வேலையில் இருந்தாலும், முதல் மணியிலேயே எடுத்துவிடு சாமி.

உன் அப்பா,
கைலாசம்