பிந்திப் பூக்கிற இனம்

அன்புத் தங்கச்சிக்கு,

நீங்கள் எல்லாரும் சண்டைக்குப் பயந்து வலிகாமத்தை விட்டு நடந்த அந்தக் கிழமைதான், இஞ்சை கனடாவில், ஸ்காபரோவில் வீட்டுக்கார வெள்ளைக்கார மனிசி தந்த ஸ்னோடிராப் கிழங்குகளை நட்டனான். பனிக்குள்ளாலை பூக்கிற பூ. கிழங்குகளோடை தந்த பேர்க்குச்சியளில் இருந்த இங்கிலிஸ் பேர் எனக்கு வாசிக்கத் தெரியாது. ஒவ்வொண்டுக்கும் எங்கடை ஆக்களின்ரை பேரை வைச்சன்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதித் தாற பக்கத்து வீட்டுப் பெட்டை நிரூபா, "எல்லாம் ஒரே வெள்ளைதானே அங்கிள்?" எண்டு சிரிக்கிறாள். குனிஞ்ச பூவை நிமித்தினால் உள்ளுக்குப் பச்சைப் புள்ளி ஒவ்வொண்டுக்கும் வேறை. ஒற்றைப் புள்ளி அம்மா, இரட்டைப் புள்ளி பெரியண்ணை. செத்துப்போன ரெண்டு பேரும் பூத்திட்டினம்.

உன்ரை மட்டும் முளைக்கேல்லை. கடிதமும் வரேல்லை. "கிண்டிப் பாப்பமோ?" எண்டு கேட்டாள். வேண்டாம் எண்டிட்டன். அது பிந்திப் பூக்கிற இனமாம், மனிசி சொன்னவ. எனக்குத்தான் களைச்சுப்போச்சு.

என்னை விட்டால் எங்களிலை உயிரோடை இருக்கிறது நீ ஒருத்திதான், பூரணம்.

உன்ரை சின்னண்ணை