கூரையில்லாக் கோயிலில் ரோசியும் பிறவுணும்

ஒக்டோபர் 7, செவ்வாய்

என் நாய் ரோசி திரும்பவும் பின்வேலியால் வெளியே போய்விட்டாள். பிறவுணும் அவளுக்குப் பின்னால். பக்கத்து வீட்டுக்காரி போன் எடுத்தது எனக்கில்லை, என் மகன் அனோஜுக்கு. வேலை முடிந்து நேரே வந்துவிட்டான்.

"அம்மா, ஹோம்புஷில உங்களுக்குப் பாத்த பிளாட் ரெடி. சனிக்கிழமை, வளர்க்கக் கேட்ட நார்த்மீட் ஆக்கள் வந்து நாயளைக் கொண்டுபோவினம். உங்களால இனி மனேஜ் பண்ண ஏலாது."

ஏலாதாம். ஆர் முடிவெடுத்தது?

ஒக்டோபர் 8, புதன்

உடைந்த வேலிப் பலகையை அடிக்க இவ்வளவு நாளும் ஆள் இல்லை. நாயைக் குடுக்க மட்டும் ஆள் இருக்குது.

ஒக்டோபர் 9, வியாழன்

போனேன். நானே கார் ஓடி, இரண்டையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு. பரமட்டாவுக்கு அங்கால் நான் ஓடக்கூடாது என்பது அனோஜின் சட்டம். நான் போனது வின்ட்சருக்கும் அங்கால்.

அங்கே ஒரு பாழடைந்த கல்கோயில். ஐரோப்பாவின் மத்தியகாலக் கோயில்களைப் பார்த்துக் கட்டினதாம். இப்போது நாலு சுவரும் கூரான ஜன்னல் ஓட்டைகளும்தான் மிச்சம். அந்த றோட்டால் போகும்போதெல்லாம் என் புருஷன் கொட்பிறி "ஒருநாள் இறங்கிப் பாப்பம்" என்பார். மனுசன் இறங்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

வாசலில், எங்கள் ஊர் மன்னாரில் செய்கிற மாதிரி, செருப்பைக் கழற்றிவிட்டேன். கூரையே இல்லாத கோயிலுக்கு! உடனே முள் குத்தியது. நல்லா வேணும் எனக்கு.

நாய்களை உள்ளே விடக்கூடாது என்று அந்தப் பக்கத்து வெள்ளைக்காரர் ஒருவர் சொன்னார். கூரையுமில்லை, கதவுமில்லை, இதில் எது உள்ளே என்று கேட்டேன். என்னுடைய இங்கிலிஷில்தான். சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

பீடம் இருந்த இடத்தில் புல். அதில் முழந்தாளிட்டு ஜெபமாலை தொடங்கினேன். வீட்டில் பின்னேரங்களில் செய்கிறது போலவே, முதல் "அருள் நிறைந்த மரியே"க்கே இரண்டும் வந்து இரண்டு பக்கமும் படுத்துக்கொண்டன. முடியும்வரை ஒரு சத்தமில்லை.

இதுகளையா மனேஜ் பண்ண ஏலாது? அழுதேன். துக்கத்தில் இல்லை, கோபத்தில்.

ஒக்டோபர் 11, சனி

நார்த்மீட் ஆக்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து, நாய்களைத் தரமாட்டேன், வீட்டையும் விடமாட்டேன், மன்னியுங்கோ என்று அனுப்பினேன். அனோஜ் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றான்.

"வியாழக்கிழமை வின்ட்சருக்கு அங்கால, பாழடைஞ்ச கோயிலுக்குக் கார் ஓடிப் போட்டு வந்தனான்" என்றேன்.

"தனியவோ?"

"இல்லை. மூண்டு பேர்."

ஒக்டோபர் 12, ஞாயிறு

பூசை முடிந்து வர, பின்வளவில் சுத்தியல் சத்தம். அனோஜ் வேலிக்குப் புதுப்பலகை அடித்துக்கொண்டு நின்றான். ரோசியும் பிறவுணும் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிளாட்டைப் பற்றி மூச்சுவிடவில்லை. காரில் ஏறும்போது மட்டும் கேட்டான்:

"அந்தக் கோயிலுக்கு எந்த றோட்டால போனனீங்கள்?"