லோயருக்குக் கொடுத்த காசு

நானா,

காலையில் தபாலில் வந்த உறையைப் பிரித்ததும் கராம்பு வாசம் அடித்தது. தகவல் அறியும் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம். அடியில் உங்கள் மகளின் கையெழுத்து, கட்டுகஸ்தோட்டை விலாசம்.

மூன்று வருடத்துக்கு முன் அதே படிவத்தை நீங்கள் கொண்டு வந்தீர்கள். உங்கள் பலசரக்குக் கடையோடு அந்த வரிசை முழுவதையும் அகற்ற எங்கள் பிரதேச சபை வழக்குப் போட்டிருந்தது. மாற்றுக்கடை கட்டக் காசில்லை என்றும் சொன்னது. "அப்ப லோயருக்கு மட்டும் எவ்வளவு குடுத்தீங்க? எங்கட வரிக்காசு தானே?" என்று கேட்டீர்கள்.

தொகை எனக்குத் தெரியும். வவுச்சர் எழுதியதே நான்தான். சங்கடமான செலவையெல்லாம் வீதிப் பராமரிப்பில் போட்டுவிடுவது எங்கள் அலுவலக வழக்கம். சீஃப் கிளார்க் என் மேசைக்கு வந்தார். "மிஸ், வழக்குச் செலவுன்னு ஒரு தலைப்பே நம்ம புத்தகத்துல இல்லத்தானே? அப்படியே எழுதுங்க. மகளுக்கு இந்த வருஷம் ஓ லெவல் சோதனை இல்லையா? ஒங்கள தூரத்துக்கு மாத்தினா புள்ளைய யாரு பாக்கிறது?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் தனியாக வளர்க்கும் பிள்ளை. "வழக்குச் செலவு என்ற தலைப்பின் கீழ் கொடுப்பனவு எதுவுமில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஒரு சொல்லும் பொய்யில்லை. சீ, என்ன பிழைப்பு!

கடைகளை உடைத்தார்கள். அடுத்த நோன்பு வருவதற்குள் நீங்கள் மௌத்தாகிவிட்டதாகச் சொன்னார்கள். உங்கள் ஜனாஸாவைக் கடைசியாகப் பார்க்க வரவும் எனக்கு முகமில்லை.

உங்கள் மகள் கெட்டிக்காரி. "எந்தத் தலைப்பில் கொடுத்திருந்தாலும்" என்று எழுதிக் கோடும் போட்டிருக்கிறாள். ஒளிய இடமில்லை. பழைய வவுச்சரைத் தேடியெடுத்துத் தொகையை எழுதினேன். யாரிடமும் காட்டாமல் பதிவுத் தபாலில் நானே போட்டுவிட்டு வந்தேன்.

இப்போது சீஃப் கிளார்க்கின் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கிறேன். மாற்றத்தான் போகிறார்கள். மகளுக்கு ஏ லெவல் சோதனை நெருங்குகிறது. பயமாயிருக்கிறது நானா, பொய் சொல்லவில்லை.

ஆனால் அன்று பதிலை வாங்கிப் படித்த பிறகு கவுண்டரில் நீங்கள் நின்றது அதைவிடப் பயம். "அப்ப அந்த லோயர் சும்மாவா வந்து பேசினாரு, தங்கச்சி?" நான் குனிந்து அடுத்த ஆளின் படிவத்தைப் புரட்டினேன். பதிலை நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்தீர்கள். பிறகு மெதுவாக, "பரவால்ல. ஒங்களுக்கும் புள்ள இரிக்கி தானே" என்றீர்கள்.

ஏசிவிட்டுப் போயிருக்கலாம், நானா. நான் மறந்திருப்பேன்.