வண்டியைக் கடைசியாக ஓட்டியது யார்

அன்புள்ள மகளுக்கு,

நானும் உன் அப்பாவும் இங்கே உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, போனை ஓரமாக வைத்துவிட்டுத் தூங்கி, நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். விசாரிப்பு முடிந்தது. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் நான் வாயைத் திறந்ததுமே நீ ஸாரிம்மா என்று ஆரம்பித்துவிடுவாய், எனக்குத் திட்டு பாதியில் நின்றுபோகும், அன்று முழுக்க நெஞ்சைக் கரிக்கும். காகிதம் குறுக்கே பேசாது. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு, இதை அப்படிப் படிக்காதே, வரிசையாகப் படி.

நீ கிளம்பிப் போன மூன்றாம் நாள் காலையில் டிராக்டரை எடுக்கப் போனேன். மழை இறங்குவதற்குள் பின்பக்கத்து நிலத்தை ஒரு தடவை உழுது போட்டுவிடலாம் என்று எண்ணம். கொட்டகையில் வண்டி பளபளவென்று நின்றது. நீ கழுவி வைத்துவிட்டுப் போனது. உன் மாமா இரண்டு நாள் இரவல் வாங்கிக்கொண்டு போய் சக்கரம் தெரியாத அளவுக்குச் சேற்றோடு கொண்டுவந்து விட்டதும், நான் மூக்கைச் சுளித்ததும், விடும்மா நான் கழுவுறேன் என்று நீ குழாயைப் பிடித்ததும் உனக்கு நினைவிருக்கும். சாவியைத் திருப்பினேன். செல்ஃப் நன்றாகச் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. இருபது வருஷமாக நான் ஓட்டுகிற வண்டி, அதன் இருமல் தும்மல் எல்லாம் எனக்குத் தெரியும், ஆனால் இது இருமக்கூட இல்லை. சும்மா சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. டேங்கில் டீசல் இருந்தது, வால்வு திறந்திருந்தது, இன்ஜினை நிறுத்துகிற ஒயரும் சரியாக உள்ளே போயிருந்தது. பேட்டரி இறங்குகிற வரைக்கும் சுற்றிவிட்டு, இறங்கிவந்து டயரை ஓர் உதை உதைத்தேன். கால் விரல் இன்னும் வலிக்கிறது.

அன்று சாயந்திரம் உன்னிடம் போனில் சொன்னபோது நீ என்ன சொன்னாய் என்று கொஞ்சம் யோசித்துப் பார். டீசல் குழாய்ல ஏர் எடுத்துப் பாரும்மா, ஃபில்டர் மாத்திப் பாரும்மா என்று ஒரு பட்டியல் போட்டுவிட்டு, கடைசியில், மாமாதானே கடைசியா ஓட்டினாரு, ரேடியேட்டர்ல தண்ணி பார்த்துதான் ஓட்டினாரான்னு கேளு என்றாய். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். எனக்கு அது உள்ளே போய் முள் மாதிரி உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் மெக்கானிக் வந்தான். அவனைப் பற்றி எழுதுவதற்கே கை கூசுகிறது. எல்லோரும் அவனைப் புகையிலை என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவன் துப்புகிற இடத்தைப் பார்த்தால் அந்தப் பெயருக்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. என் துணி துவைக்கிற கல்லின்மேல் ஸ்பானர்களைப் பரப்பினான். கொடியில் காய்ந்துகொண்டிருந்த துண்டில் கையைத் துடைத்தான். டீசலை வடிகட்ட ஏதாவது குடுங்க என்று கேட்டிருக்கிறான், உன் அப்பா, அந்த மகராசன், நான் டீ வடிகட்டுகிற வடிகட்டியை எடுத்துக் கொடுத்திருக்கிறார்! ஏன் என்று கேட்டால், கேட்டான் கொடுத்தேன் என்கிறார். அவன் குடித்த டம்ளரை மூன்று தடவை சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டேன், வாய் அருகே கொண்டுபோனால் இப்போதும் டீசல் நாற்றம் அடிக்கிறது. அதைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வைத்துக்கொண்டேன்.

அவன் ஏர் எடுத்தான், ஃபில்டர் மாற்றினான், உன் அப்பாவைச் செல்ஃப் போடச் சொல்லி டீசல் பீய்ச்சுகிறதா என்று பார்த்தான், அது நன்றாகத்தான் பீய்ச்சியது, வாசல் சுவர்வரைக்கும். காற்று போகிற வழியையும் பார்த்தானாம். பார்த்த லட்சணம் என்ன தெரியுமா, கீழே இருக்கிற எண்ணெய்க் கிண்ணத்தை மட்டும் கழற்றி, எண்ணெய் சுத்தமா இருக்கு என்று மாட்டிவிட்டான். மேலே நிமிர்ந்து நிற்கிற குழாயின் தொப்பியைத் தூக்கிப் பார்க்க அவனுக்கு மனசு வரவில்லையோ என்னவோ. மூன்றாம் நாள் தலையைச் சொறிந்துகொண்டு, கம்ப்ரஷனே இல்லக்கா, ரிங் போயிருச்சு, யாரோ தண்ணி இல்லாம ஓட்டிச் சூடேத்தியிருக்காங்க, இன்ஜினைப் பிரிச்சாத்தான் ஆகும் என்றான். நீ சொன்னதும் அவன் சொன்னதும் ஒன்றோடொன்று பொருந்திப் போயிற்று.

அந்த நேரம் பார்த்துத்தான் உன் மாமா வந்தான். தினமும் வருகிற மாதிரிதான், டீ குடித்துவிட்டுப் பேப்பரைப் புரட்டிவிட்டுப் போக. என்னக்கா சொல்றான் என்று கேட்டுக்கொண்டே டம்ளரை எடுத்தான். நான் அந்த மெக்கானிக் முன்னால் வைத்துக் கேட்டேன். தண்ணி பார்த்துதான் ஓட்டினியா என்றேன். பார்த்தேனே என்றான். பொய் சொல்லாதே என்றேன். அதோடு விட்டிருக்கலாம். அடுத்தவன் பொருள்னா உனக்கு அவ்வளவு இளக்காரம், சொந்த வண்டியா இருந்தா இப்படி ஓட்டுவியா, சொந்தமா ஒண்ணு வாங்கத்தான் உனக்கு வக்கில்லையே என்றேன். புகையிலைகூடத் துப்பாமல் நின்றான். உன் மாமா சரிக்கா என்றான், அவ்வளவுதான். சட்டைப் பையில் பத்து வருஷமாக வைத்திருந்த நம் வண்டியின் இன்னொரு சாவியை எடுத்து சீட்டின்மேல் வைத்துவிட்டு, பாதி டீயை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அவன் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் இங்கே கேட்டது. கூடப்பிறந்தது எனக்கு அவன் ஒருவன்தான் என்று உனக்குத் தெரியும். மறுநாள் காலையில் அவன் டம்ளரையும் சேர்த்து எடுத்து வைத்தேன். அவன் வரவில்லை.

சண்டை போட்ட அன்றைக்கே சாயந்திரம் மெக்கானிக், நாளைக்கு இன்ஜின் ஹெட்டைக் கழற்றலாம் என்று ரேடியேட்டர் தண்ணீரையெல்லாம் திறந்துவிட்டுப் போயிருந்தான், கொட்டகை முழுக்கச் சேறு. அதைப் பார்த்து உன் அப்பாவைத்தான் திட்டினேன், கிட்டே நின்றது அவர்தானே. இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும். எனக்குத்தான் நினைவில்லாமல் போயிற்று. மறுநாள் மெக்கானிக் வரவில்லை, வேறு வேலையாம். அதற்கு மறுநாளும் இல்லை. நானும் உன் அப்பாவும் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. அவன் கை பட்ட இடமெல்லாம் வண்டியில் கருப்புக் கருப்பாக அப்பியிருந்தது, நீ கழுவின வண்டி அப்படி நிற்பதைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. சோப்புத் தண்ணீரும் பழந்துணியும் எடுத்துக்கொண்டு, பெட்டியின்மேல் ஏறி நின்று துடைக்க ஆரம்பித்தேன். காற்றுக் குழாயின் தொப்பியில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. அதன் அடிப்பக்கத்தையும் துடைக்கலாம் என்று தூக்கினேன்.

உள்ளே பூப்போட்ட துணி ஒன்று தெரிந்தது. பிடித்து இழுத்தேன், மந்திரக்காரன் தொப்பியிலிருந்து வருகிற மாதிரி வந்துகொண்டே இருந்தது. தலையணை உறை. நீ போன பிறகு துணி எண்ணியபோது குறைந்த அதே உறை, வண்டி துடைக்க எடுத்துவிட்டார் என்று உன் அப்பாவிடம் நான் சண்டை போட்ட அதே உறை. ஓரத் தையல் என் கையால் போட்டது. யார் வைத்தார்கள் என்று உனக்கு இப்போது நினைவு வந்திருக்கும். கழுவும்போது குழாய்க்குள் தண்ணீர் போகக்கூடாது என்று அடைத்தாய். நல்ல புத்திதான். அதற்குள் டாக்ஸி வந்துவிட்டது, நீ தொப்பியைக் கவிழ்த்துவிட்டு ஓடினாய். மூச்சு விடவே வழியில்லாத வண்டியிடம் போய்க் கம்ப்ரஷன் இல்லை, ரிங் போயிற்று, தண்ணீர் பார்க்கவில்லை என்று நாலு பேர் வைத்தியம் பார்த்திருக்கிறோம். தூ என்று இருந்தது எனக்கு. உன்மேல் கொஞ்சம், அந்தப் புகையிலைமேல் கொஞ்சம், மீதி முழுக்க என் நாக்கின்மேல்.

உன் அப்பாவை விரட்டி சார்ஜ் போட்ட பேட்டரியை மாட்டச் செய்தேன். இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்ல வெட்கம் ஒன்றுமில்லை. நிறுத்தவில்லை. உறையைத் தோளில் போட்டுக்கொண்டு, சீட்டில் கிடந்த சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, நேராக வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, சுற்றுப்பாதையில் உன் மாமா வீட்டு வாசலுக்கு ஓட்டினேன். என்னென்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவன் வெளியே வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை, தோளில் கிடந்த துணியையும் பார்க்கவில்லை, இன்ஜினைப் பார்த்தான், காதைச் சாய்த்தான். கிட்டே வந்து கையை நீட்டி வண்டியை அணைத்தான். ரேடியேட்டர் பக்கம் உள்ளங்கையைக் காட்டிவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொட்டகைச் சேறு நினைவுக்கு வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

தண்ணி பார்த்தியாக்கா என்று அவன் கேட்டிருக்கலாம். நானாக இருந்தால் கேட்டிருப்பேன், அக்கம்பக்கத்தையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கேட்டிருப்பேன். அவன் கேட்கவில்லை. படியில் உட்கார்ந்துகொண்டான். சூடு ஆறுகிற வரைக்கும், முக்கால் மணி நேரம் இருக்கும், நானும் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தேன். மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனதில் ஒரு வார்த்தை வரவில்லை, தலையணை உறையை மட்டும் நீட்டினேன். வாங்கி, விரித்துப் பார்த்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தான். தப்புடா என்றேன். தலையாட்டினான், சரி என்றா இல்லை என்றா தெரியவில்லை. பிறகு எழுந்து ஒரு துணியை வைத்து மூடியை மெல்லத் திறந்து, குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான், மூன்று குடம் பிடித்தது. என்னை ஓட்டவிடவில்லை. அவனே ஏறி ஓட்டினான், நான் பின்னாலேயே நடந்தேன். கொட்டகையில் நிறுத்தி அணைத்துவிட்டு, கையை நீட்டினான். முந்தானையை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

இன்று காலை வந்தான். டீ குடித்தான், பேப்பர் பார்த்தான், உன் அப்பாவிடம் மழையைப் பற்றிக் கேட்டான். என்னிடம் இன்னும் பேசவில்லை. பரவாயில்லை, டம்ளர் காலியாகத்தான் இருந்தது.

நீ அவனுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. போனில் ஸாரி மாமா என்று கழற்றிக்கொள்ளாதே. துணியை வைத்தது நீ, அதை எழுது, அவன் பெயரை இழுத்தது நீ, அதையும் எழுது. வக்கில்லை என்று சொன்னது நான், அதை என்னிடம் விட்டுவிடு, அதற்கு நான் என்ன செய்வது என்று எனக்கே தெரியவில்லை. இனிமேல் எந்த ஓட்டையை எந்தத் துணியால் அடைத்தாலும் வாலை வெளியே தொங்கவிடு, பார்க்கிறவன் கண்ணில் படட்டும். உறையைத் துவைத்துவிட்டேன், கறை போகவில்லை, உன் தலையணைக்கே போட்டு வைத்திருக்கிறேன், அடுத்த தடவை வந்து அதில்தான் படுக்க வேண்டும். நோய் நொடி இல்லாமல், கையில் எடுத்த காரியம் எல்லாம் கூடி வந்து, நாலு பேர் மெச்ச நீ நன்றாக இருக்க வேண்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், புது வடிகட்டி வாங்கப் போயிருக்கிறார்.

இப்படிக்கு,
தண்ணீர் பார்க்காமல் வண்டி ஓட்டிய
உன் அம்மா